சூடு தாங்குற புல்

செருப்பை அங்கனயே கழட்டிப் போட்டுட்டு வாங்க தம்பி. படிக்கு அந்தப் பக்கம். ஆங், அங்கதான். புல்லு மேல செருப்பு பட நான் விடுறதில்ல. இந்தப் பிளாஸ்டிக் புல்லைப் போட்டுக் குடுத்த மதன்குமார் சொல்லுவான், "ஆன்ட்டி, இது ஷூ போட்டு ஓடுற இடம், செருப்பெல்லாம் ஒண்ணும் பண்ணாது"ன்னு. அவன் சொல்லுவான். கூட்டுறது அவனா நானா?

அவன்தான உங்களை அனுப்பினான்? எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால புல்லு போடணும்னு எவன் போய்க் கேட்டாலும், "வத்தக்கடை ஆறுமுகத்தாய் வீட்டுல போய்ப் பாருங்க சார், நம்ம வேலை எப்படின்னு அப்ப தெரியும்"னு இங்க விரட்டி விட்டுருதான். என் வீடு என்ன அவனுக்குக் காட்சி பங்களாவா? போன மாசம் ஒரு ஆளு வந்தாரு, ஏதோ பள்ளிக்கூடம் நடத்துதாராம். பொண்டாட்டியும் வந்துச்சு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு. ரெண்டு பேரும் புல்லுல நின்னு போட்டோ பிடிச்சாங்க. தண்ணி குடிக்கீங்களான்னு கேட்டேன், கார்ல பாட்டில் இருக்குன்னுட்டுப் போயிட்டாங்க. நான் என்ன கூவத்துத் தண்ணியா குடுக்கப் போறேன்? பெரிய மனுசங்களாம்.

நீங்க உக்காருங்க. அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்கிடுங்க. நீங்க பாட்டில் கொண்டு வரல்ல, அதுவே போதும்.

சூடு தாங்குற புல்லுன்னு சொல்லியிருப்பானே? என்கிட்டயும் அதைத்தான் சொன்னான். "ஹீட் ரெசிஸ்டன்ட் ஆன்ட்டி, சூடு தாங்கும்." "ஏலே, புல்லு தாங்கும், பிளாஸ்டிக்குக்கு என்ன, எங்க பிள்ளை கால் தாங்குமா, அதைச் சொல்லு"ன்னேன். நாலு வருசம் இஞ்சினியருக்குப் படிச்சவன், இதை யோசிக்கல.

இது முன்னால களம், தம்பி. வத்தல் காயப்போடுற களம். எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப சிமிண்டு போட்டுப் பூசினது. அவர் போய்ச் சேந்த பிறகும் கமிசன் கடையை நான்தான் பாக்கேன். இந்தப் பக்கத்துல மிளகாய் போடுற சம்சாரி யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, ஆறுமுகத்தாய் தராசு எப்படின்னு சொல்லுவாங்க. மாசி பங்குனியில இந்தக் களம் முழுக்கச் செவசெவன்னு கிடக்கும். வெறுங்காலோட நடுவுல இறங்கி நான்தான் கிண்டி விடுவேன். உள்ளங்கால் வெந்து போகும், அதுக்கெல்லாம் யாரு புல்லு விரிச்சா?

அப்படிப்பட்ட களத்தை எதுக்கு உடைச்சேன்னு கேக்கீங்க. செம்பாவுக்காக.

எனக்குப் பிள்ளை கிடையாது. அதை நான் மறைக்கல. என் தம்பி சங்கரபாண்டி மஸ்கட்டுல இருக்கான், பொண்டாட்டியும் அங்கயே நர்சு வேலை. பால்குடி மறந்த பிள்ளையை என் மடியில போட்டுட்டுப் பிளேன் ஏறிட்டாங்க. செண்பகவல்லின்னு பேரு. நான் செம்பான்னு கூப்பிடுவேன். அவ என்னை அத்தைன்னுதான் கூப்பிடுவா, ஆனா பள்ளிக்கூடத்துல அம்மா பேர் கேட்டா என் பேரைச் சொல்லிட்டு வருவா. டீச்சருக திருத்தி எழுதுவாங்க. திருத்தட்டும், அவ வாயைத் திருத்த முடியுமா?

இந்தக் கோவில்பட்டியில ஹாக்கி மட்டைங்கிறது விளக்குமாறு மாதிரி, வீட்டுக்கு ஒண்ணு கிடக்கும். ஆம்பிளைப் பயலுக ஆடிட்டுப் போகட்டும், எனக்கென்ன. இவளும் ஒருநாள் மட்டையோட வந்து நிக்கா. பி.டி. டீச்சர் எஸ்தர் குடுத்தாங்களாம். அந்த எஸ்தர் டீச்சர் இருக்காளே, அவளைப் பத்திச் சொல்லணும்னா இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போக முடியாது. கழுத்துல விசிலு, காதுல கம்மல் கூட இல்ல. பொட்டப் பிள்ளைகளை விடியமுன்ன கிரவுண்டுக்கு வரச்சொல்லி, அரை டவுசரைப் போட்டு ஓட விடுறது. கிரவுண்டுச் சுவர் மேல வரிசையா உக்காந்து போக்கத்த பயலுக வேடிக்கை பாக்கான். அவனுகளை விரட்டுறதுக்கு அவ விசில் ஊத மாட்டா. பிள்ளைக நின்னாத்தான் ஊதுவா.

கடைக்கு வாரவன் எல்லாம், "அக்கா, உங்க மருமக நல்லா ஓடுது"ங்கான். என்ன ஓட்டத்தைப் பாத்தான் அவன்?

அவளும் வளந்துக்கிட்டே போறா. ஒருநாள் சோறு சாப்பிடுறப்ப சொல்லுதா, "அத்தை, மண்ணுல பழகிட்டுப் பெரிய மேட்சுக்குப் போனா அங்க டர்ஃபா, பிளாஸ்டிக் புல்லா இருக்கு. பந்து விர்ருனு போயிருது. எங்களுக்குக் கால் நிக்கல. டர்ஃபுல பழகணும்"னு. நான் ஒரு நிமிசம் கூட யோசிக்கல. "உனக்கு டர்ஃபுதான வேணும்? நம்ம களத்துல போட்டுத் தாரேன்"னேன். சோத்துக் கையோட வந்து கட்டிப்பிடிச்சிக்கிட்டா. இந்தத் தோள்ல ரசம். சேலையை மாத்தக் கூட எனக்கு மனசு வரல.

எந்த அத்தைக்காரி செய்வா? நீங்களே சொல்லுங்க. சொந்தத் தாய் ஒரு ஜோடி ஷூ அனுப்பினா மஸ்கட்டுல இருந்து, அதுவும் சைசு பத்தல.

தெருவுல சும்மா இருந்தாளுகளா? எதுத்த வீட்டுப் பிச்சம்மா, "என்ன மதினி, மாடு வாங்கப் போறீகளா, புல்லு வருதே லாரியில"ன்னு கேட்டா. எகத்தாளம். அவ வீட்டு மொட்டை மாடியில தென்னங்கீத்துக் கொட்டகை போட்டதுக்கே வைகாசி மாசம் பூராவும் பெருமை பேசினவ அவ. "மாடு வந்தா மொதப் பால் உனக்குத்தான்"னேன்.

மதன்குமார் வந்தான். கொரோனா சமயத்துல நெத்திக்கு நேரா நீட்டுவாங்களே ஒரு துப்பாக்கி, அது மாதிரி ஒண்ணைக் களத்துப் பக்கம் நீட்டி, "அறுபது டிகிரி இருக்கு ஆன்ட்டி"ங்கான். என்னவோ கண்டுபிடிச்ச மாதிரி. நான் செருப்பில்லாம களத்து நடுவுல போய் நின்னேன். "இங்க வந்து நின்னு சொல்லு, எத்தனை டிகிரி"ன்னேன். வரல.

சிமிண்டை உடைச்சு, ஜல்லி கொட்டி, பாறைப்பொடி போட்டு இறுக்கி, தண்ணி வடியுறதுக்கு வாட்டம் வெச்சானுக. வாட்டம் தப்பா வெச்சானுக. களத்துத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு எனக்குத் தெரியாதா? வடக்க வைலேன்னா, கம்ப்யூட்டர்ல தெற்கன்னு வந்துருக்காம். மொத மழையில தண்ணி என் அடுப்படி வாசலுக்கு வந்துச்சு. பிறகு வந்து பல்லை இளிச்சிக்கிட்டு ஒரு பக்கம் தோண்டிக் குழாய் பதிச்சான். அந்தா தெரியுதில்ல, அந்தக் குழாய்தான். அதை உங்ககிட்ட அவன் சொல்லியிருக்க மாட்டான்.

பிறகு புல்லு வந்துச்சு. கல்யாண வீட்டு ஜமுக்காளத்தை விரிக்கிற மாதிரி சுருள் சுருளா விரிச்சுப் பசை போட்டு ஒட்டினானுக. சாதாப் புல்லுன்னா ஊடால கறுப்பு ரப்பர் குருணையைக் கொட்டுவாங்களாம், அது வெயிலைக் குடிச்சிட்டுக் கொதிக்குமாம். இவன் போட்டது ரப்பர் இல்ல, ஏதோ பூச்சு பூசின வெள்ளை மணலு. "தண்ணி தெளிச்சா இந்த மணல் உள்ள வாங்கி வெச்சிக்கிட்டு மெள்ள மெள்ள வெளிய விடும் ஆன்ட்டி, அதான் சுடாது"ன்னான். உள்ளது உள்ளபடி சொல்லணும்ல, அது சுடல. உச்சி வெயில்ல வெறுங்கால்ல நின்னேன். நிக்க முடிஞ்சுது. அந்த ஒண்ணு மட்டும் அவன் பொய் சொல்லல.

சுடாத தரையை வெச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? ஒரு பிடி வத்தலைப் போட்டுப் பாத்தேன், சும்மா ஒரு இதுக்கு. சாயங்காலம் வரைக்கும் கிடந்து நமுத்துத்தான் போச்சு. செம்பாகிட்ட சிரிச்சிக்கிட்டே சொன்னேன், "ஏட்டி, உன் புல்லுல ஒரு வத்தல் காயாது, இனிமே கடைக்கு வேற களந்தான் பாக்கணும்"னு. பாத்தேன், பக்கத்துத் தோட்டத்துல ஒரு களத்தை வாடகைக்குப் பிடிச்சேன். இந்தப் பிள்ளைக்காகத்தான்.

மொத நாள் அவ ஆடின ஆட்டத்தை நீங்க பாத்திருக்கணும். உருண்டா. புல்லுல முகத்தை வெச்சுப் படுத்துக்கிட்டா. நானும் சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டேன். அந்தச் சுவர்ல சாக்குக்கட்டியில கோல் போஸ்ட்டு வரைஞ்சிருக்கா பாருங்க, இன்னும் அழியல. அவ பந்தை அடிப்பா, நான் விளக்குமாத்தை வெச்சிக்கிட்டுக் கோல்ல நிப்பேன். ஆமா தம்பி, நாந்தான். சிரிக்காதீங்க. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு நின்னேன். நாலு பந்துல ஒண்ணைத் தடுத்துருவேன். "அத்தை, உனக்கு மட்டும் வயசு இருந்துச்சு, தமிழ்நாட்டு டீமுக்கே போயிருப்ப"ன்னு சொல்லுவா. அப்பல்லாம் நல்லாச் சிரிப்பா.

புல்லு போட்டாச்சு, பிறகு கிரவுண்டு எதுக்கு? அது நியாயம்தான? "இனிமே அந்தக் காட்டுக்குப் போக வேண்டாம், வீட்டுலயே ஆடு. பயலுக தொல்லை இல்ல, கேட்டைப் பூட்டிக்கிடலாம்"னேன். அவ மூஞ்சி செத்துப்போச்சு. "எதிர்ல ஆள் இல்லாம எப்படி அத்தை ஆட?"ங்கா. "சுவர் இருக்கில்ல"ன்னேன். "சுவர் பந்தைப் பறிக்காது அத்தை"ங்கா. "அப்ப நான் பறிக்கேன்"ன்னு விளக்குமாத்தை எடுத்தேன். அதுக்கு அவ சிரிக்கல. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைச் செஞ்சாலும் ஒரு நொட்டை.

அந்த எஸ்தர் கடைக்கே வந்துட்டா. தராசுல ஆள் நிக்காங்க, சம்சாரிக நிக்காங்க, அத்தனை பேர் முன்னால, "செண்பகவல்லி நல்லா வருவா மேடம், பிராக்டீசுக்கு அனுப்புங்க, செலக்சன் வருது. செலக்ட் ஆனா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சேத்துக்கிடுவாங்க, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்க"ங்கா. சாப்பாடாம். என் வீட்டுல என்ன பிள்ளை பட்டினியாவா கிடக்கு? ஆட்டுக்கால் சூப்பு வெச்சுக் குடுக்கேன் வாரம் தவறாம. ஹாஸ்டல்ல என்ன குடுப்பான், புழுத்த சுண்டல். நான் சாக்கைப் பிரிச்சு ஒரு பிடி வத்தலை அள்ளி உதறினேன், தரம் பாக்க. அவளுக்குத் தும்மல் வந்துருச்சு, போயிட்டா.

ஹாஸ்டலுக்குப் போறதுக்கா நான் களத்தை உடைச்சேன்? சொல்லுங்க.

செலக்சனுக்கு முந்தின வாரம். சனிக்கிழமை சாயங்காலம் செம்பா வந்து என் காலடியில உக்காந்தா. "அத்தை, நாளைக்கு ஒரே ஒரு நாள் டீமைக் கூட்டிக்கிட்டு டீச்சர் இங்க வாராங்க. டர்ஃபுல எல்லாரும் சேந்து ஒரு தடவை ஆடிப் பாக்கணும். வேற எங்கயும் டர்ஃபு கிடைக்கல. சரின்னு சொல்லு"ங்கா. சரின்னேன். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல தம்பி. நல்லாக் கேட்டுக்கிடுங்க, சரின்னுதான் சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சு பாக்கேன், வெயிலு சுள்ளுன்னு அடிக்கு. இவ்வளவு வெயிலும் வீணாப் போகுதேன்னு மனசுல பட்டுச்சு. குடோன்ல போன வருசத்து உருண்டை ரக முண்டு வத்தல் கிடந்துச்சு. காஞ்ச வத்தல்தான், இல்லைன்னு சொல்லல. இருந்தாலும் ஒரு வெயில் காட்டி வெச்சா பூச்சி அண்டாது. கடை ஆளுக ஞாயித்துக்கிழமை வர மாட்டானுக. நானே ஒவ்வொரு மூட்டையா இழுத்துட்டு வந்து, பிரிச்சுக் கொட்டி, கால்ல பரத்தி விட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு. பிள்ளைக வாரது மறந்துபோச்சு. மனுசிக்கு மறதி இருக்காதா? ஆயிரம் சோலி.

கேட்டைத் திறந்துக்கிட்டு எல்லாம் வந்து நிக்குதுக. மட்டையும் கையுமா, சாக்ஸை முட்டு வரைக்கும் ஏத்திக்கிட்டு. புல்லே தெரியல, ஒரு மூலை விடாம செவப்பு. செம்பா என்னைத்தான் பாத்தா. எஸ்தர் வத்தலையும் பாத்தா, என்னையும் பாத்தா, "பரவால்ல மேடம், நாங்களே அள்ளிருதோம்"னா. எனக்கு அவ பெருந்தன்மை காட்டுதா! மட்டைகளைச் சுவர்ல சாத்தி வெச்சிட்டு, சின்னப் பிள்ளைக கூட முறத்தை வாங்கி அள்ளி, மூட்டை கட்டி, கூட்டி விட்டாளுக. செம்பா விளக்குமாத்தை எடுத்துக் கூட்டினா. நான் கோல்ல நிப்பேனே, அதே விளக்குமாறு.

அதோட போயிருக்கலாம்ல? போகல. ஆடினாளுக. வத்தல் தூசி மணலுக்குள்ள இறங்கியிருக்கு, ஓட ஓட கிளம்புது. ஒருத்தி தும்முதா, ஒருத்தி இருமுதா. ஒரு பிள்ளை சறுக்கி விழுந்து முட்டி உரிஞ்சு, அதுல காரம் ஏறி, யம்மான்னு அலறுதா. செம்பா கண்ணைக் கசக்கிட்டா. அவ்வளவுதான். குழாயடியில உக்கார வெச்சு, நான் ஓடிப்போய் மோர் கொண்டாந்து கண்ணுல விடப் போனா, என் கையைத் தட்டி விட்டுட்டா. என் கையை. கண்ணு ரெண்டும் வத்தலை விடச் செவந்து கிடக்கு, அந்தக் கண்ணை வெச்சிக்கிட்டு என்னையப் பாத்து, "அத்தை, இந்தப் புல்லுல வத்தல் காயாதுன்னு நீதான சொன்ன?"ங்கா.

பாத்தீங்களா கேள்வியை? வக்கீல் மாதிரி. நிச்சயமா அந்த எஸ்தர்தான் சொல்லிக் குடுத்திருப்பா, பிள்ளைக்கு இவ்வளவு யோசனை வராது. "மோர் சூடாகுது, கண்ணைக் காட்டுட்டி"ன்னேன்.

அடுத்த வாரம் செலக்சனுக்குப் போயிட்டா. என்கிட்ட கேக்கல. மஸ்கட்டுக்குப் போன் போட்டு அவ அப்பன்கிட்ட கேட்டிருக்கா. அவன் எனக்குப் போன் பண்ணி, "அக்கா, பிள்ளை ஆசைப்படுது, தடுக்காத"ங்கான். ஏசியில உக்காந்துக்கிட்டு இவன் தகப்பனாம். காய்ச்சல்னா எவன் முழிச்சான்? பல்லு விழுந்தா எவன் ஓட்டு மேல எறிஞ்சான்? கண்ணு வீக்கம் கூட முழுசா வத்தாமத்தான் போனா. எடுத்துக்கிட்டாங்க. மொத பேரே இவ பேருதானாம். எஸ்தர் கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனா, மிட்டாய் ஒண்ணு நீட்டினா. எனக்குச் சக்கரை இருக்குன்னுட்டேன்.

ஹாஸ்டலுக்குக் கிளம்பினன்னைக்குப் பஸ் ஏத்திவிட நான் போகல. கடையில லோடு வருதுன்னு சொல்லிட்டேன். லோடு மறுநாள்தான் வந்துச்சு, அது என் தப்பா? கிளம்புறதுக்கு முந்தி வீட்டுக்குப் பின்னால வந்து, இந்தப் புல்லு பூராவும் கூட்டி, தண்ணி அடிச்சு விட்டுட்டு, விளக்குமாத்தைச் சாத்தி வெச்சிட்டு, "வாரேன் அத்தை"ன்னு சொன்னா. அழுவான்னு பாத்தேன், அழல. கல்நெஞ்சுக்காரி. எங்க வம்சத்துல அப்படி யாரும் கிடையாது.

இப்ப ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "கண்ணு எப்படியிருக்கு?" "நல்லாருக்கு." அவ்வளவுதான். பின்னாடி பிள்ளைக சிரிக்கிற சத்தம் கேக்கும். எதுக்குத்தான் அப்படிச் சிரிப்பாளுகளோ. இங்க இல்லாத சிரிப்பு அங்க என்ன கொட்டிக்கிடக்கு? லீவுக்கு வாடீன்னா கேம்ப்பு இருக்குங்கா. பொங்கலுக்கும் கேம்ப்பாம். பொங்கலுக்கு எவன் கேம்ப்பு வெப்பான்?

என்ன, எந்திரிச்சிட்டீங்க. போய்ப் பாருங்க, நல்லா நடந்து பாருங்க. மணி பன்னெண்டு ஆகப் போகுது, இப்ப நின்னாத்தான் தெரியும். சுடுதா? சுடாது. தினமும் காலையில நான் தண்ணி அடிக்கேன். ஆடுறதுக்கு ஆள் இல்லைன்னா என்ன, பொருளைப் பொருளா வெச்சிக்கிட வேண்டாமா? பிச்சம்மா கேக்கா, "பிளாஸ்டிக்குக்கு எதுக்கு மதினி தண்ணி, முளைக்கவா"ன்னு. கூறு கெட்டவ.

தும்முதீங்களே. தூசி. வெயில் ஏறினா அப்படித்தான், அந்த மணலு உள்ள வாங்கி வெச்சிக்கிட்டு மெள்ள மெள்ள விடுது. எத்தனை குடம் ஊத்தியும் போகமாட்டேங்குது. இதையும் உங்க மதன்குமார்கிட்ட போய்க் கேளுங்க, என்னத்த மணல் போட்டான்னு.

ஆமா, நீங்க யாருக்குப் போடப் போறீங்க? மகளுக்கா? அவளும் ஹாக்கியா? எத்தனாவது படிக்கா? ஏழாவதா. இப்ப எங்க ஆடுதா, பெரிய கிரவுண்டுலயா? அந்தச் சுவர் மேல பயலுக உக்காந்திருப்பானுகளே, அங்கயா? அந்த எஸ்தர்கிட்டயா?

வேண்டாம் தம்பி. நான் சொல்லுதேன் கேளுங்க. நீங்க எதுக்குப் புல்லு போட்டு, அவன்கிட்ட மாட்டி, அடுப்படியில தண்ணி ஏறி அவதிப்படணும்? நம்ம புல்லு சும்மாத்தான கிடக்கு. பிள்ளையை இங்க அனுப்புங்க. பள்ளிக்கூடம் விட்டதும் நேரா வந்துரட்டும். நான் சேரைப் போட்டு உக்காந்து பாத்துக்கிடுதேன். சூப்பு வெச்சுத் தாரேன். கோலுக்கும் நான் நிப்பேன், கேட்டையும் பூட்டிக்கிடுவேன், ஒரு பய எட்டிப் பாக்க முடியாது.

கூட நாலு பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தாலும் வரட்டும், நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். வத்தல் போட மாட்டேன்.